காப்பு அறுத்த கத்தரி

அது சின்னக் கத்தரி. பிணவறையில் தசைகளைப் பிரிக்கும்போது பாவிப்பது, முனை வளைந்திருக்கும். மற்றவர்கள் பேனா வைத்திருப்பதைப் போல அதை நான் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை மண்டபம். ஞாயிற்றுக்கிழமை. தகரக் கூரையில் தூறல். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் மேசையைப் போட்டிருந்தோம். மேசைமேல் வேட்டி மட்டும் கட்டிய ஒருவர் வலது கையை நீட்டி, ஒரு கரும்பை வில்லைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிரில் அவருடைய தோல் சிலிர்த்திருந்தது.

அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த நூல் ஒன்று இருந்தது. மாணவர்களுக்கு நான் காட்ட வேண்டிய இடம் அதுதான். நூலை முழங்கைப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். இறுகக் கட்டியிருந்தார்கள்.

“கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ,” என்று சொல்லிக் கத்தரியை எடுத்தேன்.

“ஐயா…” என்றார் அவர். அவ்வளவுதான். அதற்குள் நூல் அறுந்துவிட்டது.

அவர் குனிந்து அதை எடுத்து வேட்டி முடிச்சில் செருகிக்கொண்டார். பிறகு நான் சொன்னபடியே மறுபடியும் கரும்பைப் பிடித்தார்.

என் உடற்கூற்று வகுப்புகளைப் பற்றி இந்தப் பத்திகளில் பல வாரங்களாக எழுதிவருகிறேன். இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மணிக்கட்டில் ஒரு நாண்

அந்தக் காலத்தில் நான் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றியல் படிப்பித்த இளம் விரிவுரையாளன். என் நண்பன் சிவம் ஓவிய ஆசிரியன். இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மருத்துவ மாணவர்களையும் ஓவிய மாணவர்களையும் ஒன்றாகப் பயணம் கூட்டிப்போக வேண்டும் என்பது அவனுடைய யோசனை.

“உன்ரை பிள்ளையளுக்கு உயிரோடை ஒரு தசை அசையிறது தெரியாது. என்ரை பிள்ளையளுக்குத் தோலுக்குக் கீழை என்ன இருக்கெண்டு தெரியாது. ரெண்டு பேரையும் ஒரே ரெயிலிலை ஏத்துவம்,” என்றான்.

இரண்டு கலைகளும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று அவன் அடிக்கடி சொல்வான். ஐரோப்பாவில் ஒரு காலத்து ஓவியர்கள் கத்தி எடுத்துப் பிணம் அறுத்தார்கள். மருத்துவர்கள் ஓவியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அறுத்தார்கள். நம்முடைய சிற்பிகள் யாரையும் அறுக்கவில்லை. முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்து முழு உடம்பையும் அளந்தார்கள். அந்தக் கல் உடம்பில் எலும்பு இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது.

பழைய உடற்கூற்றுப் படங்களில் எனக்குப் பிடித்த வகை ஒன்று உண்டு. தோல் உரிக்கப்பட்ட மனிதன் ஒரு மலைச்சரிவில் உயிருள்ளவனைப் போல நிற்பான். பின்னால் ஊரும் மரங்களும் தெரியும். வட்டகொடை ரெயில் நிலையத்தில் நாங்கள் இறங்கி நடக்கையில், தேயிலைச் சரிவில் கொழுந்துச் சாக்கு சுமந்து ஏறிய முத்துவீரனை, அந்த மேசைமேல் நின்றவரை, முதன்முதலாகக் கண்டபோது அந்தப் படம்தான் எனக்கு நினைவு வந்தது. படத்தில் நிற்பவன் யார், அவனுக்கு வீடு வாசல் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முத்துவீரனைப் பற்றியும் கேட்கவில்லை.

வாசகர்கள் இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பெருவிரலையும் சுண்டுவிரலையும் நுனியில் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். நடுவில் ஒரு கயிறு எழும். பலரும் அதை நரம்பு என்பார்கள். அது நரம்பல்ல, தசைநாண். சிலருக்கு அது இருக்காது; இல்லாததால் ஒரு குறையும் இல்லை. என் இடது கையில் இல்லை.

முத்துவீரனின் கையில் அது வீணைத் தந்தி போல எழுந்து நின்றது. அதற்காகத்தான் நூலை அறுத்தேன்.

தெரிந்தே செய்தது

மலையகத்துத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்ததும் பொட்டலில் காமன் நடுவார்கள், அதாவது ஒரு கம்பை ஊன்றுவார்கள். பௌர்ணமியில் சிவனின் கண் நெருப்பு மன்மதனை எரிக்கும். ரதி அழுவாள். பிறகு அவன் உயிர்த்தெழுவான். வேஷம் கட்டுகிறவர்கள் அத்தனை நாளும் காப்புக் கட்டி, கறி மீன் தொடாமல் விரதம் இருப்பார்கள். காப்பு அறுந்தால் விரதம் முறிந்தது.

முத்துவீரன் அந்த வருஷத்து மன்மதன். கையில் கரும்பைப் பிடிக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. படம் வரைய நிற்க முடியுமா என்று நான் கேட்டபோது, “கூத்துல நிக்கிறவன்தானுங்களே, நிக்கிறேன்,” என்று சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

காப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று எழுத முடியாது. என் அப்பா கந்தசஷ்டிக்குக் கோயிலில் காப்புக் கட்டுவார். அந்த ஆறு நாளும் அவருடைய கையில் எங்கள் கை படாமல் விலகி நடந்த பிள்ளைகள் நாங்கள். ஆனால் மேசையில் நின்றவருடைய கையில் கிடந்தது எனக்கு வெறும் நூலாகத் தெரிந்தது. அப்பாவின் கையில் இருந்திருந்தால் கத்தரி பைக்குள்ளேயே கிடந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரெயிலில் சிவம் கேட்டான்: “அது காப்பெல்லே மச்சான்?”

“வேறை ஒண்டு கட்டிக்கொள்ளுவார்,” என்றேன்.

அவன் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

இதைவிடப் பெரிய பிழை நாலைந்து நாளில் வந்தது. தோட்டத்துக் கூத்து வாத்தியாரும் இன்னொருவரும் ரெயில் ஏறி, விசாரித்து விசாரித்து எங்கள் மருத்துவபீடக் கட்டடத்துக்கே வந்துவிட்டார்கள். சலவை வேட்டி கட்டி, கோட்டுப் போட்டு, செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு விறாந்தையில் நின்றார்கள்.

“ஐயா, முத்துவீரன் காப்ப நீங்க அறுத்ததா சொல்றான். தோட்டத்துல யாரும் நம்பல. டவுனுக்குப் போயி கறிச்சோறு தின்னுட்டுப் பொய் சொல்றான்னு பேசிக்கிறாங்க. ஐயா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்.”

என் பேராசிரியர் பக்கத்து அறை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்துவிட்டது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அந்த வருஷம்தான் என் வெளிநாட்டு மேற்படிப்பை அவர் முடிவு செய்யவிருந்தார்.

“நான் அறுக்கேல்லை. அவரே கழட்டினவர்,” என்றேன்.

வாத்தியார் கும்பிட்டார். “அது போதுங்க,” என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

சிவம் அன்று வரைந்த படத்தை நான் கண்ணாடி போட்டு வகுப்பறையில் மாட்டினேன். நூல் இல்லாத அந்த வெறும் மணிக்கட்டைக் காட்டித்தான் ஓய்வு பெறும்வரை படிப்பித்தேன்.

மறுபடியும் வட்டகொடை

இப்போது ஹட்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாசியில் தர்ஷினி என்ற ஓவிய விரிவுரையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மருத்துவ மாணவர்களையும் ஓவிய மாணவர்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு கூத்து நடக்கும் தோட்டம் ஒன்றுக்குப் போகிறார்களாம். வேஷம் கட்டுகிறவர்களின் உடம்பை வரையப் போகிறார்களாம்.

“இப்பிடியொரு பயணத்தை முதல் துவக்கினதே நீங்களாம் சேர். பிள்ளையளுக்கு வந்து ரெண்டு வார்த்தை கதைக்க வேணும்.”

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார்; அதே தோட்டம். எனக்கு முழங்கால் வலி என்றேன். வாகனம் அனுப்புகிறேன் என்றார்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சரிவு அப்படியே இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளில் புதுத் தகரம். பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். அதன் முன்னால் மாணவர்களை உட்கார வைத்து, தர்ஷினி என்னுடைய பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தார். அப்போது தட்டில் பிளேன்டித் தேநீர் கொண்டுவந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். ஐம்பது வயது இருக்கும்.

எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். கடைசிக் கோப்பையை நீட்டாமல் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

“மணிக்கட்டு படம் வரைய வந்த டாக்டரய்யா நீங்கதானா?”

“ஓம்.”

“நான் முத்துவீரன் மக. செல்வராணி.”

“அவர்…”

“இருக்காருங்க. ஆனா அந்தப் பேர்ல இல்ல. இந்தத் தோட்டத்துல எங்கப்பாவுக்கு என்ன பேரு தெரியுமா? கறிச்சோத்து மன்மதன். பள்ளிக்கூடத்துல என்னய யாரும் செல்வராணின்னு கூப்பிடல. ஏ கறிச்சோறுன்னுதான் கூப்பிட்டாங்க. எம் புருசன் வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தப்பக் கூட ஒரு கெழவி கேட்டுச்சு, மாப்பிள்ளைக்கு விருந்துல கறிச்சோறுதானான்னு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்பா அன்னையிலருந்து கறியே திங்கிறதில்லீங்க. தீபாவளிக்குக் கூட இல்ல. அப்படியாச்சும் நம்புவாங்கன்னு. யாரும் நம்பல. அந்த வருச மழையில பொட்டல்ல ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. அந்தப் பழியும் அவரு தலையிலதான் விழுந்துச்சு. மாசி வந்தா அவரு பொட்டல் பக்கமே போக மாட்டாரு. அடுப்புக்கிட்ட உக்காந்து ரதி பாட்ட மெதுவாப் பாடிக்கிட்டிருப்பாரு.”

பிறகுதான் கோப்பையை எடுத்துத் தந்தாள். ஆறிவிட்டிருந்தது.

“இன்னைக்குச் சாயங்காலம் காமன் நடுறாங்க. சாகுறதுக்குள்ள அவரு கையில ஒரு தடவ காப்பு ஏறணும். வேஷம் கூட வேணாங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லணும். எங்கிட்ட இல்ல. பொட்டல்ல.”

வாத்தியாரின் மகன்

நான் உடனே சரி என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. வாத்தியாரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று கணக்குப் போட்டேன். என்னைச் சுற்றி, என்னை வணக்கத்துக்குரியவனாக நினைக்கும் இளம் பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது கூத்து வாத்தியார் ராமையா. அன்று விறாந்தையில் நின்றவரின் மகன். பொட்டலில் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அறுத்ததையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“எங்கப்பா சாகுற வரைக்கும் ஒண்ணு சொல்லுவாருங்க. முத்துவீரன் பொய் சொல்றவன் இல்ல, ஆனா படிச்ச டாக்டரய்யா எதுக்குப் பொய் சொல்லணும்னு. அத நெனச்சு நெனச்சு மனசு கஷ்டப்படுவாரு.”

“நீங்களே எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிவிடுங்கோ.”

“நானா?” என்று என்னைப் பார்த்தார். “அந்தப் பேர வெச்சது நான் இல்லீங்களே. தோட்டம் வெச்சது. தோட்டத்துக்கிட்டதான் சொல்லணும். நான் வேணா தப்படிக்கிறத நிறுத்தச் சொல்றேன்.”

வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்த பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிய ஆண்கள், வரைபலகையோடு எங்கள் மாணவர்கள். ராமையா கையை உயர்த்தினார். தப்பு மேளம் நின்றது.

ஆயிரம் விரிவுரை செய்த வாயைத் திறந்தேன். 

“முத்துவீரன் காப்பைக் கழட்டேல்லை. கறிச்சோறு சாப்பிடவும் இல்லை. நான்தான் கத்தரியாலை வெட்டினனான். அவர் வேண்டாமெண்டு சொல்ல முதல் வெட்டிப்போட்டன். பிறகு ராமையாவின்ரை அப்பா வந்து கேட்கேக்கை நான் பொய் சொன்னனான். என்ரை உத்தியோகத்துக்குப் பயந்து சொன்னனான். அவர் சொன்னதுதான் உண்மை.”

 ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது.

பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அட பாவி மனுசா!” என்றாள். என்னைத்தான்.

“நீயும்தான சித்தி, கறிச்சோறு கறிச்சோறுன்னு கூப்பிட்ட,” என்று பின்னாலிருந்து யாரோ ஒருவன் சொன்னான்.

“நான் மட்டுமாடா கூப்பிட்டேன்? உங்கப்பன்தான்டா மொதல்ல ஆரம்பிச்சு வெச்சான்!”

அங்கங்கே சிரிப்பும் சண்டையும் கிளம்பின. அதற்குள் செல்வராணி லயத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார்

கம்பளித் தொப்பி, பழைய சுவெட்டர், கையில் ஊன்றுகோல். மகள் ஒரு பக்கம் பிடித்திருந்தாள். பொட்டலின் விளிம்பில் வந்து நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. நான்தான் அவரிடம் நடந்துபோனேன்.

என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ரொம்பக் கெழடாயிட்டீங்களே ஐயா,” என்றார்.

நான் இரண்டு கையையும் கூப்பினேன். மன்னிக்க வேணும் என்றேன். 

“என் பொஞ்சாதி கூட நம்பல ஐயா,” என்றார் அவர் மெதுவாக. “அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கறி வாசம் வருதான்னு வாய மோந்து பாத்தா. ஒரு வாசமும் இல்ல. அப்பயும் நம்பல. அவ போயி மூணு மாசி ஆச்சு. அவ இருக்கயில நீங்க வந்திருக்கலாம்.”

கூப்பிய கையை நான் இறக்கவில்லை. 

ராமையா காப்பு நூலோடு வந்து, “வாங்க பெரியப்பா,” என்று கையைப் பிடித்தார்.

“எனக்குச் சக்கரை வியாதிடா. மாத்திர போட்டுட்டு உடனே சாப்பிடணும். வெரதம் எங்க இருக்கிறது?”

“கஞ்சி குடிங்க. மாத்திர போடுங்க. கறிதான் கூடாது.”

“அது ஒண்ணுதான் எனக்குப் பழக்கம்,” என்றார் முத்துவீரன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். மஞ்சள் துண்டு முடிந்த நூல் ஏறியபோது மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் பொட்டலுக்குள் கால் வைத்தார். கம்பு நடும்போது முதல் கை அவருடையது.

மறுநாள் காலை

பனி விலகாத நேரம். மாணவர்கள் புல்லில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கதிரையில் முத்துவீரன். அவரை வரையலாமா என்று கேட்டது தர்ஷினி. “நின்னுக்கிட்டு முடியாது, உக்காந்துக்கிட்டுன்னா சரி,” என்று சொல்லி, தானே ஒரு கரும்பை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

தசையெல்லாம் வற்றிப்போயிருந்தது. தோல் மடிந்து தொங்கியது. ஆனால் கரும்பை இறுக்கியபோது மணிக்கட்டில் அந்த நாண் எழுந்தது. தோல் மெலிந்துபோனதால் முன்னிலும் தெளிவாக, பாதி தூரம் மட்டும். மீதியை மஞ்சள் நூல் மறைத்தது.

நதீஷா என்ற சிங்கள மாணவி மருத்துவம் இரண்டாம் வருஷம். தமிழைச் சிரமப்பட்டுக் கோத்து என்னிடம் கேட்டாள்:

“சேர், நூல் மறைக்குது. கொஞ்சம் மேலே தள்ளச் சொல்ல ஏலுமா?”

நான் வாய் திறக்கும் முன் முத்துவீரன் முந்திக்கொண்டார்.

“ஐயாக்கிட்ட கேளு பாப்பா. கத்தரி கொண்டாந்திருப்பாரு.”

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டாள். ராமையா சத்தமாகவே சிரித்துவிட்டார். நதீஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தையும் அவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் எழுந்து கோட்டின் வலது பையை வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு கைக்குட்டையும் இரத்த அழுத்த மாத்திரை அட்டையும் புல்லில் விழுந்தன.

“அந்தப் பக்கம்?” என்றார் முத்துவீரன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

இடது பையையும் இழுத்துக் காட்டினேன். பிறகு சட்டைப் பை. அதில் மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது.

கடைசிப் பைவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்த பிறகு கதிரையில் நிமிர்ந்து, கரும்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

“சரி பாப்பா,” என்றார் நதீஷாவிடம். “நூலோட வரை.”